தலைமாட்டில் கேட்டவை

"கட்டைவிரலை ஆட்டுங்க சார்" என்கிறாள் ரமீஜா. ஆட்டுகிறேன், அதாவது ஆட்டும்படி உத்தரவு அனுப்புகிறேன், போய்ச் சேரவில்லை போலிருக்கிறது, ஏனென்றால் அவள் "அருமை" என்கிறாள். கால்கள் முதலில் சூடாயின, பிறகு நனைந்த சாக்கு மாதிரிக் கனத்தன, இப்போது அவை என்னுடையவை அல்ல. மேசையின் கீழ்ப்பாதியில் வேறு ஒரு கிழவர் படுத்திருக்கிறார், அவருக்குத்தான் குடலிறக்கம், ஆசீர் அவரைத்தான் அறுக்கப் போகிறான் என்று நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருக்கிறது. நெஞ்சுக்குக் குறுக்கே பச்சைத் துணியைத் திரையாகக் கட்டிவிட்டார்கள். திரைக்கு அந்தப் பக்கம் அறுப்பவர்கள், இந்தப் பக்கம் பேச்சுக் கொடுப்பவர்கள். நான் வேலை பார்த்த காலம் முழுக்க இந்தப் பக்கத்து ஆள். மயக்க மருந்து டாக்டர் என்றால் ஊசியைப் போட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பவர் என்று ஊரில் ஒரு நினைப்பு, ஓரளவுக்குச் சரிதான், நானே இரண்டு காப்பியங்களை ஆபரேஷன் தியேட்டரில் வைத்துத்தான் படித்து முடித்தேன். ஆனால் முதுகில் மட்டும் மருந்து ஏற்றி இடுப்புக்குக் கீழே மரத்துப்போன ஆளுக்கு மேல்பாதி விழித்துக்கொண்டு கிடக்கிறதே, அதை யார் பார்த்துக்கொள்வது? அதற்குத்தான் தலைமாட்டில் ஓர் உயரமான நாற்காலி. அதில் உட்கார்ந்து, என்ன வேலை பார்க்கிறீர்கள், எத்தனை பிள்ளைகள், மூத்தவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பேசுகிறவர் ஒழுங்காக மூச்சு விடுகிறார் என்று அர்த்தம். பேசப் பேசப் பயமும் குறையும். படுத்திருப்பவருக்கு நம் முகம் தெரியாது; முகமூடிக்கு மேலே இரண்டு கண், அதுவும் தலைகீழாக. இப்போது அந்த நாற்காலியில் இருக்கும் ரமீஜாவின் கண்கள் எனக்கு அப்படித்தான் தெரிகின்றன, கண்ணுக்குக் கீழே புருவம், அதற்கும் கீழே பச்சைத் தொப்பி. இப்படி ஒரு ஜந்துவிடம் யாரும் எதையும் சொல்லிவிடுவார்கள். சொன்னார்கள். கள்ளக் காதலை, கள்ளக் கையெழுத்தை, மருமகளைப் பிடிக்காததை, மகனைப் பிடிக்காததை. இவள் என்னிடம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தேன்: தலைமாட்டில் கேட்டது தலைமாட்டோடு. வீட்டில் சொல்லாதே, கேன்டீனில் சொல்லாதே, சொன்ன ஆளிடமே திரும்பச் சொல்லாதே. புத்தகத்தில் எழுதாதே என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அப்போது எனக்கு அந்த யோசனை வந்திருக்கவில்லை.

"பல்ஸ் ஏறுது சார். கொஞ்சமா மிடாசோலம் போடட்டுமா?" வேண்டாம் என்கிறேன். நேற்றும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பெரிய டாக்டரின் வீம்பு என்று அவள் நினைத்திருப்பாள், நினைக்கட்டும். அந்த மருந்துக்கு இரண்டு குணம். படபடப்பைத் தணித்து வாயைத் திறந்துவிடும். மருந்து ஏறிய பிறகு நடப்பது எதையும் மனதில் பதியவிடாது. கேட்ட கேள்வியையே ஆள் திரும்பத் திரும்பக் கேட்பார், சொன்ன கதையையே மறுபடி சொல்வார், சாயங்காலம் வார்டில் போய்ப் பார்த்தால் "நான் ஒண்ணும் உளறலையே டாக்டர்?" என்பார். "ஒண்ணும் இல்லம்மா, நல்லாத் தூங்குனீங்க" என்போம். எத்தனை தடவை சொல்லியிருப்பேன் அதை. இன்று என் முறை. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆசீர் குரல் கொடுக்கிறான்: "என்ன வே தளவாய், எழுத்தாளரே, ஆரம்பிக்கட்டா?" "ஆரம்பியும்." "உம்ம புத்தகத்தை எம்பொண்டாட்டி படிச்சா. நான் எந்தப் பக்கத்துல வாரேன்னு கேட்டேன். வரவே இல்லையாம். இத்தனை வருசம் ஒரே தியேட்டர்ல நின்னிருக்கோம், ஒரு பாராவுக்குக் கூடவா வே நான் தேறல?" "நீர் பேசினாத்தானவே எழுத முடியும். பாட்டுல்லா பாடுவீரு, அதுவும் சுதி சேராம." "இருக்கட்டும். கத்தி இப்ப எங்கையில இருக்கு, ஞாபகம் வெச்சுக்கிடும்." சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். பிறகு அந்த மணம் வருகிறது, மின்சாரக் கம்பியால் ரத்தக் குழாயைச் சுடும்போது எழும் கருகல் மணம், ஆயிரம் முறை முகர்ந்தது, அந்த மணத்திலேயே டிபன்பாக்ஸைத் திறந்து சாப்பிட்டிருக்கிறேன், ஆனால் இது நான். கருகுவது நான். நெற்றி வேர்க்கிறது. மேல்பாதி எழுந்து ஓடப் பார்க்கிறது, கீழ்ப்பாதி ஒத்துழைக்கவில்லை. "ரமீஜா, பாதி போடு" என்கிறேன். "பாதிதான் சார்" என்கிறாள், குழந்தைக்குச் சொல்வதுபோல. கையில் குளிர்ச்சியாக ஒரு நூல் ஏறுகிறது.

பாதி என்னை ஒன்றும் செய்யாது. தெளிவாகவே இருக்கிறேன், வாக்கியங்கள் ஒழுங்காக முடிகின்றன. காலையில் சம்மதப் படிவத்தில் "முழு சம்மதத்துடன்" என்று அடித்திருந்ததற்கு நடுவில் ஒரு ச் போட்டுவிட்டுத்தான் கையெழுத்திட்டேன், நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையை மருந்தாலும் அழிக்க முடியாது. எதையாவது பொதுவாக நினைத்துக்கொண்டிருந்தால் போதும். கூட்டத்தை நினைக்கலாம். போன மாதம் நூலக மாடியில் நடந்த கூட்டம், "பிற பணிகளிலிருந்து எழுத வந்தோர்" என்று பேனர், பாஸ்போர்ட் படங்களை இழுத்துப் பெரிதாக்கியதில் எங்கள் நான்கு பேருக்கும் ஒரே முகம். ஓய்வுபெற்ற நீதிபதி, கால்நடை மருத்துவர், பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர், நான். மற்றவர்கள் புத்தகத்தைப் படித்துவிட்டு மேடையேறியது நான் ஒருவன்தான், அது என் வியாதி. நீதிபதியின் நாவலில் தீர்ப்பே வராது, அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒத்திவைத்துக்கொண்டே போவார். பரிசோதகர் தன் பாத்திரங்களையே நம்பமாட்டார்; நல்லவன் என்று ஒருவன் வந்தால் இரண்டு பக்கம் தள்ளி அவன் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பார். கால்நடை மருத்துவரின் கதைகளில் யாரும் தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்வதில்லை, அடுத்தவர் தடவித் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்களில் நிஜமான எழுத்தாளர் அவர்தான் என்பது என் தீர்மானம், மேடையில் அதை மட்டும் சொல்லவில்லை. வேலையை விட்டாலும் கை பழைய வேலையையே செய்கிறது என்று பேசிக் கைதட்டல் வாங்கினேன். பின் வரிசையிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, "உங்க கை என்ன வேலை செய்யுது டாக்டர்?" என்று கேட்டது. "தூங்க வைக்குது" என்றேன். சபை குலுங்கியது. நல்ல பதில், ஆனால் பொய். என் கை ஒன்றுமே செய்யவில்லை. காதுதான் எல்லாம் செய்தது. "தலைமாட்டு நாற்காலி" என்று பெயர் வைத்த தொகுப்பில் நானாக யோசித்து எழுதிய கதைகளை ஒருவரும் பாராட்டவில்லை, அவையெல்லாம் இலக்கணச் சுத்தமாகக் கிடக்கின்றன. பாராட்டு முழுக்க அந்த ஒரு கதைக்கு. அதிலும் அந்த ஒரு வரிக்கு. "தம்பி விழித்துத்தான் கிடந்தான், மூச்சு வேறு மாதிரி இருந்தது." மதிப்புரை எழுதியவர் இந்த வரியை எடுத்துப் போட்டு, இப்படி ஒரு காது மருத்துவருக்குத்தான் வாய்க்கும் என்று எழுதினார். மருத்துவருக்கு வாய்க்கவில்லை ஐயா. ஜெயசீலி டீச்சருக்கு வாய்த்தது.

ஜெயசீலி டீச்சர். பெயரை நினைத்தாலே நாக்கின் நுனிக்கு வந்து நிற்கிறது, இதற்குத்தான் மருந்து வேண்டாம் என்றேன். கர்ப்பப்பையை எடுக்க வந்தவர். பாளையங்கோட்டையில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். படுக்க வைத்ததும் உடம்பெல்லாம் நடுங்கியது, மருந்து போட்டேன், இன்னும் கொஞ்சம் போட்டேன், வழக்கம்போல அம்மா இருக்காங்களா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். "அம்மாவுக்கு வாய் வராது டாக்டர்" என்று ஆரம்பித்தார், செத்துப்போனவரை இருப்பவராகவே சொன்னார். "பக்கவாதம். தண்ணி வேணும்னா ஸ்பூனால டம்ளரைத் தட்டுவா. நானும் தங்கச்சியும் மாறி மாறிப் பாத்தோம். அன்னைக்கு மத்தியானம் ரெண்டு பேரும் அடுத்த ரூம்ல படுத்திருக்கோம். தட்டுதா. எனக்குக் கேக்கு. தூங்கி எத்தனையோ நாளாச்சு டாக்டர், தங்கச்சி எந்திரிப்பான்னு நான் கண்ணை மூடிக்கிட்டுக் கிடக்கேன். அவளும் முழிச்சுத்தான் கிடந்தா, எனக்குத் தெரியும், மூச்சு வேற மாதிரி இருந்துச்சு. அம்மா தட்டிட்டே இருந்தா. அப்புறம் நின்னுபோச்சு. அம்மா தூங்கிட்டான்னு நினைச்சோம். இதை நாங்க ரெண்டு பேரும் இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்ல." கொஞ்ச நேரம் கழித்து முதலிலிருந்து மறுபடி சொன்னார். அதே சொற்கள், அதே வரிசை. எனக்குள் இருந்த பண்டிதன், இவர் பேச்சில் ஒரு சொல் கூடுதல் இல்லையே என்று வியந்துகொண்டிருந்தான். சாயங்காலம் வார்டில், உளறினேனா என்று அவர் கேட்க, ஒன்றும் இல்லை டீச்சர் என்றேன். அது பொய் என்றாலும் சுத்தமான பொய். அசிங்கமானது பிறகுதான் வந்தது, ஓய்வுபெற்று, மேசை வாங்கி, மேசைக்கு ஏற்ற விளக்கு வாங்கி, எழுத உட்கார்ந்தபோது. அக்கா தங்கையை அண்ணன் தம்பியாக்கினேன். அம்மாவை அப்பாவாக்கினேன். பாளையங்கோட்டையைக் கும்பகோணமாக்கி, குடும்பத்துக்கு நெற்றியில் விபூதி பூசிவிட்டேன். விசாலத்திடம் படிக்கக் கொடுத்தேன். என் மனைவி என் கதைகளைப் புளி ஆய்வதுபோல் படிப்பாள், கொட்டை மட்டும் தனியே வந்துவிடும். "இந்த ஸ்பூன் உங்களுக்கு வராது. யாரு சொன்னது?" என்றாள். சொன்னேன், அவளிடம் மட்டும். "அந்த டம்ளரை எடுத்துருங்க" என்றாள். "எடுத்தா கதையே இல்லை விசாலம்." "அப்ப கதை வேண்டாம்." யோசித்துப் பார்ப்பதாகச் சொன்னேன். மூன்று நாள் யோசித்து, எவர்சில்வர் டம்ளரைப் பித்தளை டம்ளராக மாற்றினேன். அதை ஒரு தியாகமாகவே நினைத்தேன் என்று இப்போது எண்ணும்போது, அந்தக் கருகல் மணம் மறுபடியும் வருகிறது.

"என்ன சார், பேச்சையே காணோம்? பேஷண்ட் அமைதியாயிட்டா பயப்படணும்னு நீங்கதான் சொல்லுவீங்க." ரமீஜா குனிகிறாள். கேள் ஏதாவது, என்கிறேன். "உங்க புத்தகத்தால ஒரு வீட்டுல சண்டை சார், தெரியுமா? ஜெயசீலி டீச்சர்னு, எம்மவளுக்கு அவங்கதான் கணக்கு எடுத்தாவ. போன வாரம் அவங்க தங்கச்சி மகளுக்கு சிசேரியன், நான்தான் ஊசி போட்டேன். பேரப்பிள்ளை பொறந்திருக்கு, பெரியவ ஆஸ்பத்திரிப் பக்கமே வரல. தங்கச்சிக்காரி வராந்தாவுல நின்னு அழுதாவ. 'எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு விஷயம் அப்படியே ஒரு கதைப் புத்தகத்துல வந்திருக்கு, நான்தான் அந்த ஆளுகிட்டச் சொன்னேன்னு அக்கா நினைக்கா, அந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது, அவளே சொல்லிட்டு எம்மேல பழி போடுதா'ன்னாவ. என்ன விஷயம்னு கேட்டேன், அதுக்கு அழுகைதான் வந்துச்சு. ரெண்டு மாசமாப் பேச்சு இல்லையாம். இது தலைமாட்டுல கேட்டது இல்ல சார், வராந்தாவுல கேட்டது, அதனால சொல்லலாம்" என்று சிரிக்கிறாள். பிறகு, "உங்களுக்கு அவங்களைத் தெரியுமா சார்?" என்கிறாள். தெரியாது என்கிறேன். சொல்லி முடிப்பதற்குள் கையில் கட்டிய பட்டை உப்பி ரத்த அழுத்தம் பார்க்கிறது, அது பார்த்து என்ன சொல்லப் போகிறதோ.

அட முட்டாளே, என்று யாரோ மெதுவாகச் சொல்கிறார்கள், நான்தான். எல்லாவற்றையும் மாற்றினேனே, ஊரை, மதத்தை, டம்ளரின் உலோகத்தை. டீச்சருக்கு என்னிடம் சொன்னது நினைவிருக்காது, ஆகையால் என்னை யாரும் தேடி வரமுடியாது என்று கணக்குப் போட்டேன், இப்படி ஒரு கணக்கை மயக்க மருந்து டாக்டரைத் தவிர வேறு யார் போடுவார்கள்? சொன்னதுதான் மறந்துபோகும். கிடந்த மத்தியானம் எப்படி மறக்கும்? சொன்னது மறந்துபோனதனால்தானே தங்கை மீது பழி. அக்காவுக்கு அவளைத் தவிர வேறு யாரும் சாட்சி இல்லை, அவளுக்கும் அக்காவைத் தவிர யாரும் இல்லை. அவர்கள் வாழ்நாள் முழுக்கப் பேசாமல் காத்த ஒன்று. பேசாமலிருந்ததுதான் அவர்களுக்கு இடையே இருந்த உறவோ என்னவோ, அதில் போய் நான் ஒரு வரி எடுத்துக்கொண்டேன், காது டாக்டருடையது என்று ஒருவர் எழுதினார், அதைக் கத்தரித்துப் பீரோவில் வைத்திருக்கிறேன். போய்ச் சொல்ல வேண்டும். என்னவென்று? டீச்சர், நீங்கள்தான் என்னிடம் சொன்னீர்கள், நான் போட்ட மருந்தில் சொன்னீர்கள், உளறவில்லை என்றும் நான்தான் சொன்னேன். அவர் முகம் எப்படிப் போகும். ஆசீர் என்ன சொல்வான், நான் மயக்கம் கொடுத்த எத்தனை பேர் ராத்திரி தூங்காமல் நாம் என்ன சொன்னோமோ என்று புரளுவார்கள். இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. அப்படியானால் சொல்லாமல். அப்படியானால் அந்தக் குழந்தைக்குப் பெரிய பாட்டி இல்லாமல். இரு, இரு. பாதி மருந்து எப்போது போட்டாள்? கருகல் மணத்தின்போது. டீச்சர் வீட்டுச் சண்டையை ரமீஜா எப்போது சொன்னாள்? அதற்குப் பிறகு. அப்படியென்றால் இது என்னிடம் நிற்காது. நாளைக்கு நான் நினைத்துப் பார்த்தால் இந்த இடம் வெள்ளையாக இருக்கும். இரண்டு மாதமாகப் பேச்சில்லை என்பது எனக்குத் தெரிந்திருக்காது, தெரியாதவன் என்ன செய்வான்? உடம்பு இளகுகிறது, எவ்வளவு நிம்மதி, சீ, இவ்வளவு நிம்மதியா? மருந்தால் வரும் நிம்மதி இது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் மருந்தின் நிம்மதி எனக்குத் தெரியும், அது வெள்ளந்தியானது, இது கள்ளத்தனமாகச் சிரிக்கிறது. கூடாது. இதை விடக்கூடாது. ஜெயசீலி, தங்கை, பேச்சில்லை. ஜெயசீலி, தங்கை. "ரமீஜா, இந்த டீச்சர் விஷயத்தை எனக்கு மறுபடியும் சொல்லு. முழிச்ச பிறகு. நான் மறந்துருவேன்." "சரி சார்." "கண்டிப்பாச் சொல்லணும்." "சொல்லுதேன் சார். நீங்க இதை ஏற்கெனவே கேட்டுட்டீங்க." "எப்ப?" "இப்பத்தான். மூணாவது தடவை." மேலே விளக்கு வட்டமாக எரிகிறது. "வேற என்ன சொன்னேன்?" தலைகீழ்க் கண்கள் இரண்டும் என்னைப் பார்க்கின்றன. தலைகீழாக இருக்கும் கண்ணில் எதையும் படிக்க முடியாது, எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். "பிரஷர் நல்லாருக்கு சார்" என்கிறாள். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆசீர், "என்ன வே, அப்போ இருந்து டம்ளரு டம்ளருங்கீரு, தாகமா இருக்கா?" என்கிறான். யாரும் சிரிக்கவில்லை. ஜெயசீலி. தங்கை. ஒருத்திக்கு இன்னொருத்தி. பித்தளை. ஒருத்திக்கு.

ஜன்னலில் நாலு மணி வெயில். இதுதான் வார்டு, இதுதான் விசாலத்தின் பிளாஸ்க், அவள் மருந்து வாங்கக் கீழே போயிருக்கிறாள் என்று நினைக்கிறேன், சொல்லிவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. முடிந்துவிட்டது. அவ்வளவுதானா? கருகல் மணம் வரைக்கும் நினைவிருக்கிறது, பாதி போடு என்றேன், அதற்குப் பிறகு சுத்தம், நல்ல மருந்து, எவ்வளவு பேருக்குப் போட்டும் அதன் அருமை தெரியாமல் இருந்திருக்கிறேன். தூங்கித்தான் இருப்பேன். பாதி டோஸில் என்ன பேச்சு வந்துவிடப் போகிறது. வீணாகப் பயந்தேன். பதிப்பாளருக்கு நாளை போன் செய்ய வேண்டும், இரண்டாம் பதிப்பில் நாற்பத்தோராம் பக்கத்து அச்சுப்பிழையைத் திருத்தியாக வேண்டும், சந்தி விட்டுப்போயிருக்கிறது, அந்தக் கதையில் போய் அப்படி ஒரு பிழை. அந்தக் கதை. எப்போதும்போல அங்கே வந்ததும் மனம் லேசாக இடறுகிறது, எப்போதும்போல தாண்டிவிடுகிறேன். பாதத்தில் எங்கோ ஓர் எறும்பு ஊர்கிறது, உணர்வு திரும்புகிறது, அந்தக் கிழவர் போய்விட்டார், கால்கள் என்னிடம் வருகின்றன. கதவைத் திறந்துகொண்டு ரமீஜா வருகிறாள். முகமூடி இல்லை, தொப்பி இல்லை, முக்காடு மட்டும். களைத்திருக்கிறாள். "என்னம்மா, நான் ஒண்ணும் உளறலையே?" என்று கேட்கிறேன், கேட்கும்போதே சிரிப்பு வருகிறது, எத்தனை பேர் என்னிடம் கேட்ட கேள்வி. அவள் சிரிக்கவில்லை. ஒன்றும் இல்லை சார் என்று சொல்ல வேண்டிய இடம் இது, நான் சொல்லிக்கொடுத்த இடம், சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்து, தலைமாட்டில் போடாமல், என் முகத்துக்கு நேரே போட்டு உட்காருகிறாள்.

"ஜெயசீலி டீச்சருக்கும் அவங்க தங்கச்சிக்கும் ரெண்டு மாசமாப் பேச்சு இல்ல சார். உங்க கதையால. நீதான் சொன்னேன்னு ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நினைக்காவ." "அப்படியா? யாரு அவங்க?" என்கிறேன், என் குரலை நானே பாராட்டலாம், அவ்வளவு இயல்பு. இவளுக்கு எப்படித் தெரியும்? இவள் அன்று தியேட்டரில் இல்லையே, அப்போது இவள் என்னிடம் சேரவே இல்லையே. விசாலம். விசாலத்துக்கு மட்டும்தான் தெரியும், விசாலம் சொல்லிவிட்டாள், கீழே மருந்து வாங்கப் போகிறேன் என்று போய் இவளைப் பிடித்து, இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, வரட்டும், வந்ததும் கேட்கிறேன், எப்படி வாய் வந்தது உனக்கு என்று. கோபம் நெற்றிப் பொட்டில் அடிக்கிறது. ரமீஜா என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், இப்போது கண்கள் நேராக இருக்கின்றன, எல்லாம் படிக்க முடிகிறது. "அம்மா ஒண்ணும் சொல்லல சார்" என்கிறாள். "நீங்கதான் சொன்னீங்க. டம்ளர், ஸ்பூன், எல்லாம். இதை முழிச்சதும் எங்கிட்டச் சொல்லுன்னு சொன்னதும் நீங்கதான். திரும்பத் திரும்பச் சொன்னீங்க. நீங்க சொல்லிக்கொடுத்தபடி பாத்தா, தலைமாட்டுல கேட்டதை அந்த ஆளுகிட்டயே திரும்பச் சொல்லக்கூடாது. மத்தியானம் முழுக்க வெளியே உக்காந்து அதைத்தான் யோசிச்சேன்." நான் கூரையைப் பார்க்கிறேன். நான் சொன்னேனா? எந்தச் சொற்களில்? எந்த வரிசையில்? பார்க்க முடியாத ஓர் அறையில் நான் பேசியிருக்கிறேன், யாரோ கேட்டிருக்கிறார்கள், கதவு எனக்கு மட்டும் மூடியிருக்கிறது. இப்படியா இருக்கும்? இரண்டு மாதமாக அந்த டீச்சருக்கு இப்படியா இருந்தது, கதவு இருப்பதுகூடத் தெரியாமல்? நான் விசாலத்தை ஒரு நிமிஷத்துக்குள் தூக்கில் போட்டுவிட்டேன்.

"டீச்சர் நம்பர் வாங்கி வந்திருக்கேன் சார்." நாளைக்குப் பேசுகிறேன் என்கிறேன், மருந்து முழுசாக இறங்கட்டும், இப்போது பேசினால் சரியாக வராது, எழுதி வைத்துக்கொண்டு பேசினால். அதைச் சொல்லும்போதே எழுத ஆரம்பித்துவிட்டேன், முதல் வாக்கியம் அழகாக வந்து நிற்கிறது, மதிப்பிற்குரிய டீச்சர் என்று. ரமீஜா அதற்குள் நோயாளியிடம் பேசும் குரலுக்கு மாறிவிட்டாள். "இன்னைக்கு என்ன கிழமை சார்?" சொல்கிறேன். "இது எந்த ஆஸ்பத்திரி?" சொல்கிறேன். "முழு நினைவோட இருக்கீங்க இல்ல?" இருக்கிறேன். அதை மட்டும் மறுக்க முடியவில்லை. அவள் போனில் எண்களைத் தட்டி என் காதில் வைத்துவிட்டு, எழுந்து ஜன்னல் பக்கம் போய் எனக்கு முதுகு காட்டி நிற்கிறாள். மணி போகிறது. எடுக்காமலிருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், வேண்டிக்கொண்டதற்கு வெட்கப்படுகிறேன், மறுபடியும் வேண்டிக்கொள்கிறேன். எடுத்துவிட்டார்கள். வகுப்பறையின் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும் குரல். "ஹலோ, யாரு பேசுறது?" கதவருகே விசாலம் மருந்துப் பையோடு வந்து நிற்கிறாள், என் முகத்தைப் பார்த்து அங்கேயே நின்றுவிடுகிறாள். மதிப்பிற்குரிய என்ற சொல் எங்கேயோ போய்விட்டது. என் பெயரும் வரவில்லை. "ஹலோ, யாருங்க?"

"டீச்சர்" என்கிறேன், "உங்க தங்கச்சி யாருகிட்டயும் எதுவும் சொல்லல."